விளக்கு எட்டும் தூரம்

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஒரு விநோதம் நடக்கும். இரவு பதினொரு மணிவாக்கில் அந்த வழியாகத் திருச்சிக்குப் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். சாவடியின் வெள்ளை வெளிச்சத்தில் வரிசையில் நின்று, ஃபாஸ்டேக் சத்தம் கேட்டு, கம்பு தூக்கியதும் எல்லா வண்டிகளும் அவிழ்த்துவிட்ட கன்றுகள் மாதிரிப் பாய்கின்றன. சற்றுத் தூரத்தில் உயர்கோபுர விளக்குகள் முடிந்துவிடும். அப்புறம் கும்மிருட்டு. கண் இன்னும் சாவடி வெளிச்சத்துக்குத்தான் பழகியிருக்கிறது. வண்டியோ அதற்குள் எண்பதைத் தொட்டிருக்கும். மொத்தப் பயணத்திலும் கண் மிக மங்கலாக வேலை செய்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆக்சிலரேட்டரை நாம் மிக அழுத்தமாக மிதிக்கிறோம்.

நான்குவழிச் சாலையில் இரவில் எவ்வளவு வேகம் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரு எண்ணைச் சொல்வார்கள். எண்பது என்பார் ஒருவர், ரோடு காலியாக இருந்தால் நூற்றிருபதுகூடப் போகலாம் என்பார் இன்னொருவர். வண்டி நல்ல வண்டி, ரோடு பழகின ரோடு என்று அதற்குக் காரணமும் இருக்கும். அந்த வண்டியின் முகப்பு விளக்கு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. எனக்கும் பல ஆண்டுகள் தெரியாமல்தான் இருந்தது.

ஓட்டுநர்கள் ‘டிம்’ என்று சொல்லும் தாழ்ந்த ஒளி, எதிரே வருகிறவரின் கண் கூசாமலிருக்கக் கீழ்நோக்கிச் சரித்து வைக்கப்பட்டது. சாதாரண ஹாலஜன் விளக்கில் அது ஐம்பது, அறுபது மீட்டர் வரை உருப்படியாக விழும். கருநீலச் சட்டையும் கைலியுமாக ஓரத்தில் ஒருவர் நடந்து போனால் அதைவிடக் கிட்டத்தில்தான் தெரிவார். ‘பிரைட்’ போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தெரியும். புதிய எல்.இ.டி. விளக்குகளில் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆனால் நடுத்திட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி வந்துகொண்டே இருக்கிற சாலையில் பிரைட்டிலேயே ஓட்ட முடியாது; ஓட்டவும் கூடாது. ஆகவே நமக்கு நிச்சயமாகக் கிடைப்பது அந்த அறுபது மீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. எதிரே ஏதோ தெரிந்து, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு விழிப்பான ஆளுக்கே ஒன்றரை நொடி ஆகும். தார் உலர்ந்திருக்கிறது, டயர் புதிது, பிரேக் கச்சிதம் என்று எல்லாவற்றையும் நமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற கார், பார்த்த இடத்திலிருந்து சுமார் 45 மீட்டரில் நின்றுவிடும். 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 68 மீட்டர் வேண்டும். 100 கி.மீ. என்றால் 97 மீட்டர்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். அறுபது மீட்டரில் ஒரு லாரியின் பின்புறம் திடீரென்று தெரிகிறது. நூறில் வந்தவர் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 42 மீட்டர் போய்விட்டது. மிச்சமிருக்கும் 18 மீட்டரில் முழு பிரேக் பிடித்தாலும் லாரியில் மோதும்போது வண்டி ஏறக்குறைய 82 கி.மீ. வேகத்தில் இருக்கும். எண்பதில் வந்தவரும் மோதத்தான் செய்வார். ஆனால் சுமார் 40 கி.மீ. வேகத்தில். புறப்பட்ட வேகத்தில் இருவருக்கும் வித்தியாசம் இருபதுதான், மோதும் வேகத்தில் இரண்டு மடங்கு. மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கமாகக் கூடுவது, ஆகவே நான்கு மடங்கு. சீட் பெல்ட் போட்டிருந்த ஒருவர் கதவைத் திறந்து இறங்கி வருவதற்கும், கதவை வெட்டி எடுத்து அவரை இறக்குவதற்கும் நடுவே இருப்பது அந்த இருபது.

ஒன்றரை நொடி என்பதுகூடத் தாராளமான கணக்குத்தான். பிரிட்டனின் ‘ஹைவே கோடு’ கையேடு மணிக்கு 70 மைல் வேகத்துக்கு, அதாவது சுமார் 112 கி.மீ.க்கு, நிறுத்தும் தூரம் 96 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அதில் மனிதர் சுதாரிக்க விட்டிருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. நம்முடைய இந்தியச் சாலைப் பேரவை (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) சாலை வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்வது 2.5 நொடி. பிரேக்கின் பிடிமானத்தையும் அது குறைத்தே மதிப்பிடுகிறது. அந்தக் கணக்கில் 100 கி.மீ. வேகத்துக்குக் கண்ணெதிரே 180 மீட்டர் சாலை தெரிய வேண்டும், 80 கி.மீ.க்கு 120 மீட்டர். நெடுஞ்சாலையின் வளைவுகளும் மேடுகளும் இந்த அளவை வைத்துத்தான் போடப்படுகின்றன. பகலில் அந்த 180 மீட்டரைச் சாலை நமக்குத் தருகிறது. சூரியன் போனதும் டிம் லைட் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. சாலையோரப் பலகை மட்டும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கான உச்ச வேகத்தை விரைவுச்சாலைகளில் 120 கி.மீ. ஆகவும், நடுத்திட்டு உள்ள நான்குவழிச் சாலைகளில் 100 கி.மீ. ஆகவும் உயர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், விபத்துகள் பெருகிக்கொண்டே போகும்போது வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று கேட்டு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. வாதம் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அறிவிக்கையில் பகலுக்கு ஓர் எண், இரவுக்கு வேறு எண் என்று கிடையாது. இரவுக்கான எண்ணை ஓட்டுகிறவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க விடாமல் நம்மை ஏமாற்றுவது வேறு யாருமல்ல, நம் கண்தான். அமெரிக்க உளவியலாளர்கள் லீபோவிட்ஸும் ஓவன்ஸும் 1977இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். பார்வையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று வழிகாட்டுவது ஒன்று. எதிரே இருப்பது என்ன என்று அடையாளம் காண்பது மற்றொன்று. வெளிச்சம் குறையும்போது இரண்டாவது படுத்துவிடும். முதலாவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். மின்சாரம் போன வீட்டில் கூடத்திலிருந்து அடுக்களைக்குத் தடுமாறாமல் நடந்து போய்விடுகிறோம். அதே இருட்டில் ஊசியில் நூல் கோக்க முடிகிறதா? காரில் ஸ்டீயரிங் பிடிப்பது நடந்து போகிற வேலை. சாலையில் கிடக்கும் கல்லைப் பார்ப்பது நூல் கோக்கிற வேலை. வண்டி கோட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது, கைக்குச் சிரமமே இல்லை. ஆகவே எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று மனம் நம்பிவிடுகிறது. தெரிவது சாலை போகும் திசை மட்டும்தான். சாலையில் என்ன கிடக்கிறது என்பது தெரிவதில்லை.

கண்ணின் இந்த ஏமாற்று வேலைக்கு நல்லெண்ணத்தோடு வைத்த பொருள்களும் துணைபோகின்றன. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ்காரர் பெர்சி ஷா 1934இல் காப்புரிமை பெற்ற பூனைக்கண் பதிப்பு, அதாவது சாலையில் பதித்து வைத்து, விளக்கொளி பட்டதும் மின்னும் குமிழ், உலகச் சாலைகளையே மாற்றியது. பிரிட்டன் மோட்டார்வேக்களில் அது இடது ஓரத்தில் சிவப்பு, வழித்தடங்களுக்கு நடுவே வெள்ளை, நடுத்திட்டு ஓரம் மஞ்சள், பிரியும் இடங்களில் பச்சை என்று வழியையே நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. நம் சாலையிலும் பதிப்புகள் மினுங்குகின்றன, பச்சைப் பலகைகள் முந்நூறு மீட்டருக்கு முன்பே பளிச்சென்று தெரிகின்றன. விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பூச்சு அவற்றில் இருப்பதுதான் காரணம். பலகை அவ்வளவு தூரத்தில் தெரிந்தால் பார்வை அவ்வளவு தூரம் எட்டுகிறது என்று தோன்றும். எருமைக்கு அந்தப் பூச்சு கிடையாது. லாரியிலிருந்து கழன்று விழுந்த ரீட்ரெட் டயர்ப் பட்டைக்கும் கிடையாது.

ஜெர்மனிக்காரர்கள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது அவர்களுடைய போக்குவரத்து விதிகளின் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. பல பகுதிகளில் கட்டாய வேக வரம்பே இல்லாத ஆட்டோபான் சாலைகள் இருக்கும் நாடு. டிம் லைட்டுக்கு ஏற்ற வேகம் என்று போனால் இரவில் எல்லோரும் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். அதனால் பதினெட்டாம் பிரிவில் ஒரு விலக்கும் வைத்தார்கள். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகள் தெளிவாகத் தெரிந்து, போதிய இடைவெளியும் விட்டிருந்தால் ஆட்டோபானில் டிம் லைட்டின் தூரத்துக்கு வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சாலையின் போக்கு ஒளிர்பதிப்புகளாலும் தடைகள் வேறு வெளிச்சத்தாலும் நேரத்தோடு தெரிந்தாலும் அப்படியே.

அந்த விலக்கின் நியாயம் எளிது. முன்வண்டி ஓர் இடத்தைக் கடந்து போயிருக்கிறது என்றால் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். அதன் விளக்கு நமக்கும் சேர்த்து வேலை செய்கிறது. கடன் வாங்கிய கண் என்று இதைச் சொல்வேன். இரவில் எழுபது, எண்பதில் சீராகப் போகிற ஒரு பஸ்ஸின் பின்னால் நல்ல இடைவெளி விட்டுப் போவது தனியாக இருட்டைக் கிழித்துக்கொண்டு போவதைவிடப் பத்திரம் என்பது அனுபவத்திலும் சரிதான்.

ஆனால் ஆட்டோபானில் யாரும் நடப்பதில்லை, மாடு மேய்ப்பதில்லை, எதிர்த்திசையில் பைக் வருவதில்லை. நம் நான்குவழிச் சாலை பார்ப்பதற்கு மோட்டார்வே மாதிரி இருக்கிறது. உள்ளுக்குள் அது இன்னும் பழைய ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைதான். விழுப்புரத்துக்கும் பெரம்பலூருக்கும் நடுவே எத்தனை ஊர்களை அது இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது என்று பகலில் எண்ணிப் பார்க்கலாம். வயல் ஒரு பக்கம், வீடு மறுபக்கம். நடுத்திட்டில் திரும்பும் இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஓரமாகவே எதிர்த்திசையில் வந்துவிடுகிறார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். சாலை போட்டவர்கள் அவர்களை நினைத்துப் போட்டார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒருமுறை உளுந்தூர்பேட்டை தாண்டி ஓர் ஆம்னி பஸ்ஸின் பின்னால் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன். இடைவெளி போதும் என்றுதான் நினைத்தேன். பஸ் சட்டென்று வலதுபக்கம் விலகியது. அது விலகின இடத்தில், இடது தடத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று. விளக்கு இல்லை, பிரதிபலிப்புப் பட்டை இல்லை. கரும்புத் தோகை தொங்கிக்கொண்டிருந்த பின்பக்கத்தில் யாரோ ஒரு பழைய சி.டி.யைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என் விளக்கில் அதுதான் முதலில் மின்னியது, வானவில் நிறத்தில். பிறகுதான் அதைச் சுற்றி ஒரு மலை இருப்பது தெரிந்தது. பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, எப்படியோ தப்பினேன். பஸ் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் முன்னரே பார்த்துவிட்டார். அவர் பார்த்ததற்கும் விலகியதற்கும் நடுவே இருந்த நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை. கடன் கொடுத்தவர் விலகிவிட்டால் நம் கையில் இருப்பது நம் விளக்கு மட்டும்தான். முன்வண்டியைப் பின்தொடர்கிறவரும் அது விலகும் கணத்தை எதிர்பார்த்தே இடைவெளி விட வேண்டும்: இரண்டு நொடி போதாது, மூன்று, நான்கு நொடி வேண்டும்.

நின்றுபோன லாரி இன்னொரு வகை. பஞ்சரான லாரியின் ஓட்டுநர் பின்னால் நாலு கல்லை வைத்து, ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டு எச்சரிக்கிறார். பகலில் அது போதும். இரவில் அந்தக் கல்லே அபாயம். டயர் மாட்டி லாரி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். லாரியின் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று பிரதிபலிப்புப் பட்டை ஒட்ட வேண்டும் என்பது விதி. அதன்மேல் தார்ப்பாயும் சேறும் மூடியிருப்பது நடப்பு. பின்விளக்கில் ஒன்று எரியாத லாரி, தூரத்திலிருந்து பார்க்கும்போது பைக் மாதிரி இருக்கும். பைக்தானே, விலகிப் போய்விடலாம் என்று அருகில் போனால் எட்டடி அகலத்துக்குச் சுவர் நிற்கும். இருட்டில் நடுச்சாலையில் நின்ற டேங்கர் லாரி மீது கார் மோதிய ஒரு வழக்கில், கார் ஓட்டியவருக்கும் பாதிப் பொறுப்பு உண்டு என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2018இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அது இழப்பீட்டுக் கணக்கு. சாலையில் அந்தக் கணக்கு யாரையும் நிறுத்துவதில்லை.

எதிர்வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுத்திட்டில் அரளியை வரிசையாக வைத்திருப்பது அழகுக்கு மட்டுமல்ல, எதிர்ப்பக்க விளக்கை மறைக்கவும்தான். செடி பட்டுப்போன இடங்களிலும் திரும்பும் இடங்களிலும் வெளிச்சம் முகத்தில் அறையும். கண் தெளிய நாலைந்து நொடி ஆகலாம். எண்பதில் போகிறவர் ஐந்து நொடியில் 110 மீட்டர் போய்விடுகிறார், கிட்டத்தட்டக் கண்ணைக் கட்டிக்கொண்டு. வயது கூடக்கூட இது மோசமாகும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு வந்து சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மகனுக்கு எண்பது சரியென்றால் அதே காரில் அப்பாவுக்கு அறுபத்தைந்துதான் சரி. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டை வரும். வெளிச்சம் வந்த பிறகு பிரேக்கைத் தேடாமல், வருவது தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டு, பார்வையை இடது ஓர வெள்ளைக்கோட்டுக்கு மாற்றிக்கொள்வது பழைய ஓட்டுநர்களின் வழக்கம்.

மழை பெய்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் கெட்டது. ஈரத் தார் நம் விளக்கொளியை முன்னோக்கித் தள்ளிவிடும், எதிர் விளக்கை மட்டும் கண்ணாடி போல் நமக்குக் காட்டும்; வெள்ளைக்கோடு காணாமல் போகும்; பிரேக்கின் பிடியும் வெகுவாகக் குறையும். மார்கழிப் பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

வேகத்தை உணர்கிற புலனும் இரவில் நம்பத்தக்கதல்ல. பகலில் பனைமரமும் வேலியும் பக்கவாட்டில் ஓடுவதைப் பார்த்தே மனம் வேகத்தை மதிப்பிடுகிறது. இருட்டில் அவை இல்லை. தொண்ணூறு அறுபது போலத் தோன்றும். இரண்டு மணி நேரம் நூறில் ஓட்டிவிட்டு சர்வீஸ் சாலையில் இறங்கினால் அறுபதில் போவது மாட்டுவண்டிப் பயணமாகத் தெரியும். அப்போது மனதைக் கேட்காமல் ஸ்பீடோமீட்டரைப் பார்க்க வேண்டும். நள்ளிரவு இரண்டிலிருந்து விடியற்காலை ஐந்து வரை உடலே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். தொண்ணூறில் போகும்போது மூன்று நொடி கண் செருகினால் 75 மீட்டர். சில மாவட்டங்களில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநர்களை முகம் கழுவவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புகிறார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

விபத்து எல்லாமே நள்ளிரவில்தான் நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவ்வாண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. நேரவாரியாகப் பார்த்தால் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையிலான பொழுதுதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. இருட்டத் தொடங்கியிருக்கும், கூட்டம் குறைந்திருக்காது. ஓட்டுகிறவர் மட்டும் இன்னும் பகல் வேகத்திலேயே இருப்பார்.

சரி, விளக்கு எட்டும் தூரத்தை ஓடுகிற வண்டியில் அளப்பது எப்படி? டேப் வேண்டாம். பலகையையும் பதிப்பையும் விட்டுவிட்டு, ஒளிராத ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள்: வெள்ளையடிக்காத புளியமரம், ஒரு புதர், மண்மேடு. டிம் லைட்டில் அது முதன்முதலாகக் கண்ணில் படும்போது எண்ணத் தொடங்குங்கள். ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று நிதானமாக எண்ணினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நொடி. நான்கை முடிப்பதற்குள் அந்தப் பொருள் நம்மைக் கடந்துவிட்டால், அந்த இடத்தில் அது மரமாக இல்லாமல் மனிதராக இருந்திருந்தால் நம்மால் நிறுத்தியிருக்க முடியாது. ஒன்றரை நொடி சுதாரிப்பு வைத்துப் போட்ட கணக்கில் 60 கி.மீ. வேகத்துக்கு 2.7 நொடியும் 100 கி.மீ.க்கு 3.5 நொடியும் வேண்டும். நான்கு என்பது கொஞ்சம் மிச்சம் வைத்துச் சொன்னது. மழைக்கு ஆறு வரை எண்ண வேண்டும்.

சி.டி. தொங்கிய டிராக்டரைப் பார்த்து ஒரு மாதம் கழித்து அதே வழியில் இதைச் சோதித்துப் பார்த்தேன். தொண்ணூறில் புளியமரம் இரண்டரைக்குள் வந்துவிட்டது. எண்பதில் ஏறக்குறைய மூன்று. அறுபத்தைந்தில் மூன்றரையைத் தாண்டியது. கண்ணாடியைத் துடைத்து, முகப்பு விளக்கின் மேலிருந்த பூச்சிக் கறையையும் ஈரத்துணியால் தேய்த்த பிறகு எழுபதிலேயே நான்கை நெருங்கியது. விளக்கைத் துடைப்பதில் இவ்வளவு வேகம் கிடைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வலது தடத்தில் ஆம்னி பஸ்கள் ஒவ்வொன்றாகச் சீறிக்கொண்டு போயின. பின்னால் ஒருவர் பிரைட்டை விட்டுவிட்டு அடித்து, எரிச்சலோடு தாண்டிப் போனார்.

விக்கிரவாண்டியிலிருந்து சமயபுரம் சுமார் 150 கி.மீ. நூறிலேயே போனால் ஒன்றரை மணி நேரம், எழுபத்தைந்தில் இரண்டு மணி நேரம். செங்குறிச்சி தாண்டி ஒரு தேநீர்க் கடையில் கால்மணி நேரம் நின்றேன். சமயபுரம் சாவடி வந்தபோது மணி ஒன்றரை, வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் பிந்தி. வழியில் இரண்டு டிராக்டர்களைக் கடந்திருந்தேன். இரண்டையும் நான்கு எண்ணி முடித்த பிறகுதான் கடந்தேன்.